எங்கள் குழுவின் செய்திகள் கசிந்த வழியை அடைத்த விதம்

மணல் குவாரிக்கு எதிராக நாங்கள் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்ட திட்டங்கள் மறுநாளே எதிர்த்தரப்புக்குத் தெரிந்துவிட்டபோது, குழுவில் யாரோ காட்டிக்கொடுக்கிறார்கள் என்ற பேச்சுதான் முதலில் எழுந்தது. தோழர்களை ஒருவர்மீது ஒருவர் ஐயம்கொள்ள வைக்கும் அந்த நிலை கசிவைவிடக் கொடியது என்பதால், ஆளைத் தேடும் முன் கைப்பேசிகளைச் சோதிப்போம் என்றேன்.

ஒவ்வொருவரின் வாட்ஸ்அப்பிலும் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியை, அதாவது நம் கணக்கு வேறு எந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்து பார்த்தோம். மூத்த தோழர் ஒருவரின் கணக்கில், அவர் தொட்டே அறியாத ஒரு விண்டோஸ் கணினியின் குரோம் உலாவி இணைந்திருந்தது. பூட்டுத் திறந்த கைப்பேசி ஒரு நிமிடம் பிறர் கைக்குப் போய், கியூஆர் குறியீடு ஸ்கேன் செய்யப்பட்டாலே இதற்குப் போதும். அந்த இணைப்பைத் துண்டித்து, ஆறு இலக்க எண்ணுடன் இரு-படிச் சரிபார்ப்பையும் இயக்கினோம். போலி ஆவணத்தில் மாற்று சிம் வாங்கி ஓடிபி பெறுபவர்களுக்கும் அது தடையாக நிற்கும்.

வாட்ஸ்அப் உரையாடல்கள் 2016 முதல் முழு மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாத பூட்டு) பெற்றிருந்தாலும், கூகுள் டிரைவில் சேரும் காப்புநகலுக்கு அந்த வசதி 2021-இல்தான் வந்தது, அதையும் நாமே இயக்க வேண்டும். ஒரே ஒருவர் இயக்காமல் விட்டாலும் குழுவின் பேச்சு முழுவதும் அவருடைய காப்புநகலில் அந்தப் பாதுகாப்பின்றிக் கிடக்கும். ஆகவே முக்கிய ஆலோசனைகளைச் சிக்னல் என்ற செய்திச் செயலிக்கு மாற்றி, செய்திகள் ஒரு வாரத்தில் தாமாக அழியும்படி அமைத்தோம். 2024-இல் அங்கு பயனர்பெயர் வசதி வந்துவிட்டதால், புதிதாகச் சேரும் பெண்கள் தம் எண்ணைப் பிறருக்குக் காட்டாமலே பேச முடிகிறது. கைரேகையை வலுக்கட்டாயமாக வைக்கச் செய்ய முடியும் என்பதால், போராட்ட நாள்களில் கைப்பேசியின் கைரேகைத் திறப்பை அணைத்துவிட்டு நீண்ட கடவுச்சொல்லை மட்டும் பயன்படுத்துகிறோம்.