இங்கிலீஷ் பரீட்சைக்கு முன்னால் பாராகிராஃபையும் பாடத்தையும் திருப்பிப் பார்ப்பது எப்படி

பாராகிராஃபை மனப்பாடம் பண்ணாதீர்கள், தலைப்பு லேசாக மாறினாலே கை நின்றுவிடும். அதற்குப் பதிலாக, நீங்களே எழுதிய பழைய பாராகிராஃப் ஒன்றை எடுத்து, முதல் வரி சொன்ன விஷயத்தை மற்ற வரிகள் தாங்குகின்றனவா என்று பாருங்கள். பத்தமடைப் பாய் நெய்வது நுணுக்கமான வேலை என்று தொடங்கினால், கோரையைக் கீறுவது, தண்ணீரில் ஊறப்போடுவது, சாயம் ஏற்றுவது, தறியில் நெய்வது என்று அந்த வேலையைத்தான் சொல்லிக்கொண்டு போக வேண்டும். நடுவில் நெல்லையப்பர் தேரோட்டம் வந்தால், எவ்வளவு அழகான வரியாக இருந்தாலும் அடித்துவிடுங்கள். அப்புறம் டென்ஸ். நிகழ்காலத்தில் தொடங்கியதை நிகழ்காலத்திலேயே முடியுங்கள்.

பாடப் பகுதிக்கு வந்தால், கேள்விகளை முதலில் வாசியுங்கள். எங்கே, எப்போது என்பதற்கு விடை பெரும்பாலும் ஒரே வரியில் கிடக்கும். ஏன் என்ற கேள்வியில்தான் மார்க் போகிறது. கதையில் அப்பா கடிதத்தை வாசித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, சாப்பிடாமல் எழுந்து போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருத்தம் என்ற சொல் எங்கும் இல்லாவிட்டாலும் அவர் வருந்துகிறார் என்று எழுதலாம், ஆனால் சாப்பிடாமல் போனதை வைத்துச் சொல்கிறேன் என்பதும் விடையில் இருக்கணும்.

கவிதையா, சரி, வாய்விட்டு வாசியுங்கள். வரிக்கடைசியில் ஒத்த ஒலி காதில் விழுந்தால் ரைம் ஸ்கீமைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை.