டெங்கு: காய்ச்சல் விட்ட நாளில் என்ன பார்க்க வேண்டும்?

எங்கள் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் காய்ச்சல் விட்டதும் மறுநாளே படகேறிவிடுவார்கள். டெங்குவில் அந்த நாள்தான் பொல்லாத நாள். தம்பியை வீட்டில் வைத்துப் பார்த்த முறையை எழுதுகிறேன்.

1. காய்ச்சல் தொடங்கிய தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். செல்போன் ஆப்பைவிட இதுதான் வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்.

2. திடீர் கடுங்காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, அடித்துப் போட்டது போல் உடம்பு வலி என்றால் டாக்டரிடம் போங்கள். பாராசிட்டமால், அதுவும் அவர் சொன்ன அளவுதான். மெடிக்கலில் பொதுவாக ‘வலி மாத்திரை’ கேட்காதீர்கள். டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன், ஆஸ்பிரின் எல்லாம் ரத்தக்கசிவைக் கூட்டும்.

3. இதை நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலும் 3 முதல் 7 நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். சிலருக்கு அப்போதுதான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும். ரத்தம் கெட்டிப்பட்டு பிரஷர் இறங்கும். அடுத்த 24 முதல் 48 மணி நேரம் விடாமல் கவனியுங்கள். விரல் நகத்தை வெளுக்கும்வரை அழுத்திவிட்டு விடுங்கள். 2 விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பத் தாமதமானாலோ, கைகால் சில்லிட்டுப் பிசுபிசுத்தாலோ, 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ உடனே 108. விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறில் ரத்தம், கறுப்பு மலம், மூச்சுத் திணறல், எழுப்பினால் சரியாக விழிக்காத மந்தம், இவற்றில் ஒன்று போதும், பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்ப. நடுக்கடலில் இது வந்தால் கரை சேரவே பல மணி நேரம் ஆகும்.

எல்லோரும் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையை மட்டும் கேட்கிறார்கள். ரத்தம் கெட்டியாவதைக் காட்டுவது பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற அளவு, அதையும் கேளுங்கள்.

பின்சேர்க்கை: டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் வந்தால் டெங்கு இல்லையா என்று பலர் கேட்டிருந்தீர்கள். அப்படிச் சொல்லிவிட முடியாது. அந்தப் பரிசோதனை முதல் 5 நாளுக்குத்தான் நன்றாகப் பலிக்கும். அப்புறம் ஐஜிஎம், அதாவது வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள், இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஏற்கெனவே டெங்கு வந்தவர் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். வைரஸில் 4 வகை உண்டு, வேறு வகை இரண்டாவது முறை தாக்கினால் தீவிரமாகும் வாய்ப்பு அதிகம்.

டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிக்கும். நோயாளியைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். லாரித் தண்ணீர் பிடிக்கும் டிரம்மை வாரம் ஒருமுறை காலி செய்து, உள்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேயுங்கள். முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது.