அமெரிக்காவில் பார்ம்.டி. படிக்க வரும் முதல் தலைமுறை மாணவருக்கு உதவுவது எப்படி

அமெரிக்காவில் மருந்தாளுநர் ஆவதற்கான தொழிற்பட்டம் பார்ம்.டி. அங்குள்ள மருந்தகங்களில் இந்திய வம்சாவளி மருந்தாளுநர்களைக் காண்பது இன்று அரிதன்று. ஆனால் கறுப்பினத்தவரும், ஹிஸ்பானிக் மக்களும், பூர்வகுடியினரும் நாட்டின் மக்கள்தொகையில் தமக்குள்ள பங்கைவிடக் குறைந்த அளவிலேயே இத்தொழிலில் இருக்கிறார்கள். இதற்குத் திறமைக் குறைவு காரணமன்று. கறுப்பினத்தவரான ஜேம்ஸ் மெக்யூன் ஸ்மித்தை அமெரிக்கக் கல்லூரிகள் நிறத்தைக் காட்டிச் சேர்க்க மறுத்ததால், அவர் கிளாஸ்கோவுக்குக் கப்பலேறி 1837-இல் மருத்துவப் பட்டம் பெற்று, நியூயார்க் திரும்பி மருத்துவத்தோடு மருந்துக்கடையும் நடத்தினார். அத்தகைய தடைகள் சட்டப்படி நீங்கிய பின்னரும், குடும்பத்தில் எவரும் இத்துறையை அறியாத மாணவருக்கு எந்த மாதத்தில் எதைச் செய்ய வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. அங்கே பணிபுரியும் தமிழ் மருந்தாளுநர் அந்த இடத்தை எளிதாக நிரப்பலாம். ஊக்க உரைகளைவிடத் தேதிகளும் தொகைகளுமே அம்மாணவருக்குப் பயன்படும்.

உதவியை உயர்நிலைப் பள்ளியிலோ சமுதாயக் கல்லூரியிலோ தொடங்குவது நல்லது. மேலாளரின் அனுமதி பெற்று ஒரு மாணவரை அரை நாள் மருந்தகத்தில் உடன் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை எண்ணுவதை மட்டுமன்றி, காப்பீட்டு நிறுவனம் மறுத்த மருந்துச்சீட்டுக்காக நீங்கள் மருத்துவரிடம் தொலைபேசியில் பேசுவதையும் அவர் கேட்கட்டும். ஆர்வம் நிலைத்தால், மருந்தாளுநருக்கு உதவியாக இருக்கும் பார்மசி டெக்னீஷியன் வேலைக்கு விண்ணப்பிக்கச் சொல்லலாம். வயது வரம்பும் பதிவு விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும் என்பதால், அந்த மாநில மருந்தக வாரியத்தின் விதிகளை உடனிருந்து படித்துக் காட்டுங்கள். சம்பளமும் அனுபவமும் சேர்ந்து கிடைக்கும் இந்த வழியை, சம்பளமில்லாத் தன்னார்வப் பணிக்கு நேரம் ஒதுக்க இயலாத ஏழை மாணவருக்கு முதலில் சொல்ல வேண்டும்.

அடுத்தது, பார்ம்.டி.யில் சேருமுன் முடித்திருக்க வேண்டிய முன்பாடங்கள். கரிம வேதியியல், உடற்கூறியல், புள்ளியியல் போன்றவற்றைக் கல்லூரிக்குக் கல்லூரி வெவ்வேறு விதமாகக் கேட்பார்கள். மாணவர் விரும்பும் மூன்று நான்கு கல்லூரிகளின் பட்டியல்களை ஒரே தாளில் எழுதி ஒப்பிட்டால், வீணாக ஒரு பருவம் படிப்பதைத் தவிர்க்கலாம். ஹவர்டு, புளோரிடா ஏ அண்ட் எம், 1927-இல் மருந்தியல் கல்லூரி தொடங்கிய லூசியானாவின் சேவியர் ஆகிய, வரலாற்று வழியில் கறுப்பினத்தவருக்கென எழுந்த பல்கலைக்கழகங்களையும் அத்தாளில் சேருங்கள். பி.கேட். நுழைவுத் தேர்வு 2024 ஜனவரியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய வழிகாட்டிகளை நம்பி அதற்கான புத்தகங்களில் எவரும் பணத்தைப் போட வேண்டியதில்லை.

பார்ம்காஸ் என்னும் பொது விண்ணப்ப முறை வழக்கமாக ஜூலை நடுவில் திறக்கிறது. வருமானம் குறைந்தோருக்கு அதில் கட்டணச் சலுகை உண்டு என்பதால், விண்ணப்பிக்கும் முன்பே அதைக் கேட்டுப் பெறச் செய்யுங்கள். தன்விவரக் கட்டுரையில்தான் உங்கள் நேரம் அதிகம் தேவைப்படும். 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின் கல்லூரிகள் இனத்தை ஒரு தகுதியாகக் கொண்டு இடம் தர இயலாது; ஆயினும், இனம் தன் வாழ்வை எவ்வாறு பாதித்தது என்று மாணவர் எழுதுவதற்கும், அது காட்டும் துணிவையோ ஆற்றலையோ கல்லூரி கருத்தில் கொள்வதற்கும் அத்தீர்ப்பு தடையன்று. ஆங்கிலம் தெரியாத பாட்டிக்கு மருந்துச் சீட்டை மொழிபெயர்த்துச் சொல்லி வளர்ந்த பெண், அது சாதாரணம் என்றெண்ணி எழுதாமல் விட்டுவிடுவாள். கேள்வி கேட்டு அதை வெளிக்கொண்டு வாருங்கள், ஆனால் கட்டுரையை நீங்கள் எழுதித் தராதீர்கள்.

கடனைப் பற்றி இடம் கிடைப்பதற்கு முன்பே பேசிவிட வேண்டும். 2025-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் பெறுவோருக்கு, படிப்புச் செலவு முழுவதற்கும் கிடைத்துவந்த கிராட் பிளஸ் என்னும் கூட்டாட்சிக் கடன் கிடையாது. தொழிற்பட்டப் படிப்புக்கான கூட்டாட்சிக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்ற வரம்புக்குள் நிற்கும். கட்டணமும் வாடகையும் சேர்ந்து அதைத் தாண்டினால் தனியார் கடன்தான் வழி என்பதால், எந்தக் கல்லூரி என்ற முடிவையே இந்தக் கணக்கு மாற்றக்கூடும். பின்தங்கிய சூழலில் இருந்து வருவோருக்கான கூட்டாட்சி உதவித்தொகை தங்கள் கல்லூரியில் உண்டா என்று நிதியுதவி அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். பூர்வகுடி மாணவர்களுக்கு, அம்மக்களுக்கான அமெரிக்க அரசின் சுகாதார அமைப்பாகிய இந்தியன் ஹெல்த் சர்வீஸ் தரும் உதவித்தொகை உண்டு. பட்டம் பெற்றபின் அதற்கு ஈடாகப் பணியாற்ற வேண்டும் என்ற நிபந்தனையை அவர்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

சேர்ந்தபின், சிறுபான்மை மருந்தியல் மாணவர்களுக்காக 1972-இல் தொடங்கப்பட்ட ஸ்டூடண்ட் நேஷனல் பார்மசூட்டிகல் அசோசியேஷனின் கிளை கல்லூரியில் இருந்தால் அதற்கு அனுப்புங்கள். களப்பயிற்சியின்போது நீங்களே மேற்பார்வையாளராக அமையவும் கூடும். தொடக்கநிலைப் பயிற்சி குறைந்தது 300 மணி நேரமும் இறுதிநிலைப் பயிற்சி 1,440 மணி நேரமும் கொண்டவை. கறுப்பின மாணவி ஆலோசனை சொல்லும்போது "உண்மையான மருந்தாளுநர் எங்கே?" என்று நோயாளி கேட்டால், அவள் தானே சமாளிக்கட்டும் என்று ஒதுங்கி நிற்பது கற்பித்தல் ஆகாது. "இவர் சொல்வது சரி, தொடர்ந்து கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு, ஆலோசனையை அவள் கையிலேயே விடுங்கள். குறையைச் சொல்லும்போது, "தன்னம்பிக்கை போதாது" என்று எழுதாமல், இரத்த உறைவைத் தடுப்பதும் உணவால் விளைவு மாறுவதுமான வார்ஃபரின் மருந்தை உட்கொள்ளும் நோயாளியிடம் உணவுமுறை கேட்கத் தவறியதைக் குறிப்பிடுங்கள். திருத்திக்கொள்ளக் கூடியது அதுதான்.

பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சியாகிய மருத்துவமனை ரெசிடென்சியை நாடுவோருக்கு, அவ்விடங்களைத் தேட உதவும், டிசம்பரில் நடக்கும் மிட்இயர் என்னும் மருந்தாளுநர் மாநாட்டுக்கான பயணச் செலவை வேனிற்காலத்திலேயே நினைவூட்டுங்கள். பட்டம் பெற்றபின், மருந்தாளுநர் உரிமத்துக்கான நாப்லெக்ஸ் தேர்வுக்கும் மாநிலச் சட்டத் தேர்வுக்கும் கட்ட வேண்டிய பணம் முதல் சம்பளத்துக்கு முன்பே வந்து நிற்கும். நாப்லெக்ஸில் தவறினால் மறுதேர்வுக்கு 45 நாள் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் அவர் தம் மருந்தகத்தில் இன்டர்னாக (பயிற்சிப் பணியாளராக) நீடிக்க முடியுமா என்று மேலாளரிடமும் வாரியத்திடமும் விசாரித்துத் தர உங்களால் இயலும்.