அதிகம் ஓடிய விநியோக வான்: திருகோணமலை உரிமையாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் அனுமதிக்கப்பட்ட போதிலும், புதிதாக வரும் வான்களின் விலை சிறு வியாபாரிகளுக்கு எட்டாத உயரத்தில் இருப்பதால், திருகோணமலையில் மீன், மா, மரக்கறி, பேக்கரிப் பொருட்கள் ஆகியவற்றை ஏற்றும் வேலையைப் பெரும்பாலும் இரண்டு மூன்று இலட்சம் கிலோமீற்றர் ஓடிய பழைய ஹயஸ், டவுன்ஏஸ், கரவன் வான்களும் டிமோ பட்டாக்களுமே செய்துவருகின்றன. ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட டீசல் எஞ்சின் இந்தத் தூரத்தைக் கடந்தும் நீண்ட காலம் உழைக்கும். ஆயினும், இத்தகைய வான்களை வைத்துத் தொழில் செய்வோர் பலர் மாத முடிவில் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை என்று சலித்துக்கொள்வதைக் கேட்கிறோம். வானின் வயதை அவர்கள் குறை கூறினாலும், மிச்சம்பிடித்ததாக எண்ணிய பணத்தில் பெரும்பகுதி சில மாதங்களுக்குத் தள்ளிப்போடப்பட்ட செலவாகவே இருந்திருக்கும்.

எல்லாத் தவறுகளுக்கும் முந்தியது கணக்கில் நிகழ்வது. டீசலையும் சாரதியின் சம்பளத்தையும் மட்டும் செலவாக எழுதி, மீதியை இலாபம் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே பரவலாக உள்ளது. திருகோணமலையிலிருந்து தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போய்த் திரும்ப ஏறத்தாழ 220 கிலோமீற்றர் ஆகிறது. மாதத்துக்கு 25 நாட்கள் இந்த வழியில் ஓடும் வான் 5,500 கிலோமீற்றர் ஓடிவிடும். விளக்கத்துக்காகச் சில தொகைகளை வைத்துப் பார்ப்போம். நான்கு டயர்களுக்கு 160,000 ரூபாய் கொடுத்து அவை 40,000 கிலோமீற்றர் உழைத்தால் கிலோமீற்றருக்கு 4 ரூபாய். 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை எண்ணெயும் பில்ட்டரும் மாற்ற 25,000 ரூபாய் என்றால் 5 ரூபாய். எஞ்சினின் வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கவைக்கும் டைமிங் பெல்ட் வேலைக்கு 120,000 ரூபாயும் கிளச் வேலைக்கு 100,000 ரூபாயும் பிடித்து, இரண்டும் 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை வருமென்றால் மேலும் 2 ரூபாய் 20 சதம். இவை சேர்ந்து கிலோமீற்றருக்கு 11 ரூபாய் 20 சதம், மாதத்துக்கு 61,600 ரூபாய். இந்தப் பணம் அந்த மாதத்தில் கையைவிட்டுப் போகாததனால்தான் இலாபம் போலத் தோற்றமளிக்கிறது. அவரவர் வானுக்குரிய உண்மையான விலைகளை இட்டு இந்தக் கணக்கைச் செய்து, அத்தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவருபவருக்கு டயர் மாற்றும் நாளும் சாதாரண நாளாகவே கழியும்.

இதே கணக்கின் மற்றொரு பக்கம் டீசல் செலவை ரூபாயில் மட்டும் பார்ப்பது. எரிபொருள் விலை மாதந்தோறும் திருத்தப்படுவதால், செலவு கூடியது விலையினாலா வானின் கோளாறினாலா என்பதை ரூபாய்க் கணக்கு காட்டாது. தாங்கியை முழுவதும் நிரப்பி, மீற்றரைக் குறித்து, அடுத்த முறையும் முழுவதும் நிரப்பி, ஓடிய தூரத்தை இட்ட லீற்றரால் வகுப்பதே நம்பத்தக்க வழி. லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடிய வான் 9 கிலோமீற்றருக்கு இறங்கினால், மேற்சொன்ன தம்புள்ளை ஓட்டத்தில் மாதத்துக்கு 61 லீற்றர் டீசல் கூடுதலாகப் போகும். காற்றுக் குறைந்த டயர், இறுகி நிற்கும் பிறேக், அடைத்துக்கொண்ட காற்று பில்ட்டர், எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரின் கசிவு ஆகியன இந்த எண்ணிலேயே முதலில் தெரியவரும்.

எண்ணெய் மாற்றுவதைப் பொறுத்தவரை, "கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறோம்" என்ற பதிலை அடிக்கடி கேட்கலாம். குறைந்த எண்ணெயை நிரப்புவதும் பழைய எண்ணெயை மாற்றுவதும் வெவ்வேறு வேலைகள் என்பதையும், கரியும் உலோகத் துகளும் ஏறிய எண்ணெயில் ஒரு லீற்றர் புதிய எண்ணெயைச் சேர்ப்பதால் அது புதிதாகிவிடாது என்பதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாதம் 5,500 கிலோமீற்றர் ஓடும் வானுக்கு 5,000 கிலோமீற்றர்த் தவணை என்பது மாதத்துக்கு ஒன்றுக்கும் மேற்பட்ட சேவிஸ் ஆகும். கையேடு அதைவிட நீண்ட தவணையை அனுமதித்தாலும், வெப்பமும் தூசியும் பாரமும் சேர்ந்த நம்முடைய ஓட்டத்துக்குக் கடினப் பாவனைக்குரிய குறுகிய தவணையே பொருந்தும். மீற்றர் மட்டும் போதிய அளவுகோல் அன்று என்பதும் கவனிக்கத்தக்கது. கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏறும்வரை குளிரூட்டிக்காக எஞ்சினை இயக்கியபடி நிற்கும் வானும், நகரத்துக்குள் கடை கடையாக நின்று நின்று போகும் வானும், மீற்றரில் சிறிய எண்ணைக் காட்டினாலும் கடுமையாக உழைத்திருக்கும்.

கே.டி.எச். என்று நாம் அழைக்கும் ஹயஸ் வான்களில் உள்ள 2கே.டி., 1கே.டி. எஞ்சின்களுக்கு மேலும் ஓர் எச்சரிக்கை தேவை. இன்ஜெக்டரின் அடியில் உள்ள செப்பு வாஷர் காலப்போக்கில் அதற்குரிய இடத்தில் சரியாகப் பொருந்தாமல் போனால், எரிந்த வாயு அதைத் தாண்டி எண்ணெய் இருக்கும் பகுதிக்குள் புகுந்து, எண்ணெயைத் தார் போன்ற கட்டியாக்கி, கீழே எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். எண்ணெய் அழுத்தம் இல்லாமல் எஞ்சின் இறுகும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. காலையில் முதல் இயக்கத்தின்போது வழக்கத்துக்கு மாறான தட்டும் சத்தம் கேட்டாலோ, எண்ணெய் அளவுகோலில் எரிந்த வாடையும் கட்டியும் தென்பட்டாலோ, தடித்த எண்ணெயை ஊற்றிச் சத்தத்தை மறைக்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்காமல் இன்ஜெக்டர்களைக் கழற்றிப் பார்ப்பதே மலிவு. இந்த எஞ்சின்களில் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும் என்பதால், பெல்ட்டைத் தவணை கடந்து ஓடவிடுவது எஞ்சினையே பந்தயத்தில் வைப்பதற்குச் சமம். பெல்ட் எச்சரிக்கை விளக்கை, பெல்ட்டை மாற்றாமலே அணைத்துவிட முடியும். ஆகவே, இரண்டாம் கையாக வாங்கிய வானுக்கு மாற்றியதற்கான பற்றுச்சீட்டு இல்லையென்றால், மாற்றப்படவில்லை என்றே கொள்ள வேண்டும்.

றேடியேற்றரில் கிணற்று நீரை ஊற்றுவது கரையோரத்தில் இரட்டைத் தவறாகிறது. நிலாவெளி, உப்புவெளி, கிண்ணியா போன்ற இடங்களில் கடலை அண்டிய கிணறுகள் பலவற்றின் நீர் உவர்த்தன்மை கொண்டது. அந்த உப்பு அலுமினியப் பாகங்களை அரிக்கும், சுண்ணாம்புப் படிவு குழாய்களைச் சுருக்கும். றேடியேற்றரில் ஊற்றும் கூலன்ற் என்ற திரவம் குளிர்நாடுகளுக்கு உரியது என்று நினைப்போர் உளர். நீரின் கொதிநிலையை உயர்த்துவதும் துருவைத் தடுப்பதும் அதன் பணிகளே என்பதால், கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் பாரத்தோடு ஓடும் வானுக்கு அது கட்டாயத் தேவை. சூடேறும் வானில், எஞ்சின் உரிய வெப்பத்தை அடையும்வரை நீரை றேடியேற்றருக்குப் போகவிடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது இங்குள்ள கராஜ்களில் விரும்பிச் செய்யப்படும் வைத்தியம். அதன் விளைவாக எஞ்சின் உரிய வெப்பத்தை அடையவே தாமதமாகி, டீசல் கூடுதலாக எரிந்து, தேய்மானமும் அதிகரிக்கிறது. சூடேறியதற்குக் காரணமான அடைத்த றேடியேற்றரோ, தளர்ந்த மூடியோ, தேய்ந்த நீர்ப் பம்போ அப்படியே இருந்துவிடும்.

டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது, வெளிப்புற எஞ்சின் படகுகளுக்காக மண்ணெண்ணெய் புழங்கும் கரையோரத்தில் எளிதாக நேர்ந்துவிடும் ஆசை. 2022 ஆகஸ்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்த்தப்பட்டதோடு அந்த ஆசைக்கிருந்த பழைய இலாபம் பெருமளவு போய்விட்டது, பழக்கம் மட்டும் சிலரிடம் எஞ்சியிருக்கிறது. டீசலைவிட மண்ணெண்ணெய்க்கு உராய்வைத் தணிக்கும் தன்மை குறைவு. டீசலாலேயே மசகிடப்படும் உயரழுத்தப் பம்பும் இன்ஜெக்டர்களும் அதனால் தேயும். ஒரு தொகுதி இன்ஜெக்டரின் விலையை விசாரித்தவர் எவரும் மறுமுறை கலக்கமாட்டார். டீசல் பில்ட்டரின் அடியில் தேங்கும் நீரை வடிக்காமல் விடுவதும் அதே பாகங்களையே பாதிக்கிறது. மழைக்காலமான நவம்பர் முதல் ஜனவரி வரை அந்த நீரை அடிக்கடி வடிப்பது நல்லது.

பாரத்தைப் பற்றிய தவறு மீன் வான்களில் கொஞ்சம் மறைவானது. வெப்ப நாடுகளில் நீண்ட தூரம் போகும் மீனுக்கு ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ அளவில் ஐஸ் இடுவது நல்ல நடைமுறை. எனவே 700 கிலோ மீன் ஏற்றியதாகச் சொல்லப்படும் வான், பெட்டிகளின் நிறையைச் சேர்க்காமலே, 1,400 கிலோ வரை சுமந்திருக்கலாம். ஐஸும் பாரமே என்பதை மறந்து, பின்புறம் தாழ்வதைக் கண்டதும் ஸ்பிரிங் தகடு ஒன்றைக் கூட்டிப் போடுகிறார்கள். வான் நிமிர்ந்து நிற்கும். ஆனால் அச்சும் பேரிங்கும் பிறேக்கும் டயரும் பழைய அளவிலேயே இருக்கின்றன. சில வான்களில் பின்புறம் தாழும் அளவைக் கொண்டே பின் பிறேக்கின் அழுத்தத்தைச் சீராக்கும் வால்வு ஒன்று உண்டு. தகடு கூட்டினால் அந்த வால்வு வான் வெறுமையாக இருப்பதாகக் கருதி, பாரத்தோடு நிற்க வேண்டிய வேளையில் பின் பிறேக்கைக் குறைத்துவிடும்.

டயரில் பார்க்க வேண்டியவை பூவின் (வரிப்பள்ளங்களின்) ஆழம், டயர் தாங்கக்கூடிய நிறையைக் காட்டும் பாரக் குறியீடு, தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும் நான்கு இலக்கம் ஆகிய மூன்றுமே. விலை குறைவென்று கார் டயரை வானுக்கு இடுவதும், றீபில்ட் டயரை முன் சில்லில் பூட்டுவதும் மன்னிக்க முடியாதவை. காற்றழுத்தத்தைச் சாரதிக் கதவோரம் ஒட்டப்பட்ட அட்டவணைப்படி, டயர் சூடேறுவதற்கு முன்பு பார்க்க வேண்டும்.

பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிய எண்ணெய் சூட்டில் கொதித்து, மிதி தரைவரை இறங்கிவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை முழுவதும் மாற்றுவதற்கு ஆகும் செலவு சிறியது. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையே இரவில் யானை வீதியைக் கடக்கும் பகுதியில் ஓடுபவர்கள், பிறேக்கையும் மங்கிய முன்விளக்குக் கண்ணாடியையும் ஒரே கவனத்தோடு பார்க்க வேண்டும்.

இவை எல்லாம் நாட்டின் எந்த மூலைக்கும் பொதுவானவை என்று சொல்லலாம். திருகோணமலைக்கே உரிய பெரும் பகை உப்பு. கடற்காற்று வெளியிலிருந்தும் மீன் நீர் உள்ளிருந்தும் தகட்டை அரிக்கின்றன. சரக்குத் தளத்தில் றப்பர் விரிப்பைப் போட்டுவிட்டால் பாதுகாப்பு என்று நினைப்பது இங்கு மிகச் செலவு பிடிக்கும் தவறு. விரிப்பின் கீழ் தேங்கும் உப்பு நீர் எப்போதும் காயாமல் இருந்து, தளத்தையும் அதன் அடியிலுள்ள சட்டத்தையும் மேலிருந்து தெரியாதவாறு தின்கிறது. பெட்டிகளை இறக்கியவுடன் விரிப்பைத் தூக்கி நன்னீரால் கழுவி, வடிகால் துளைகளைத் திறந்து, கதவுகளைத் திறந்துவைத்து உலரவிட வேண்டும். அடிப்புறத்தையும் நன்னீரால் கழுவிய பின்னரே துருத் தடுப்பு மேற்பூச்சைப் பூச வேண்டும்; துருவின் மேலும் உப்பின் மேலும் பூசப்பட்ட மேற்பூச்சு ஈரத்தை உள்ளேயே சிறைவைக்கும். பிறேக் குழாய்கள், வழுக்குக் கதவின் தண்டவாளம், கூரையோர வடிகால், எஞ்சினிலிருந்து உடலுக்குப் போகும் மின் தரைக் கம்பி ஆகியவற்றைத் தனியாகப் பார்க்கச் சொல்வது பயன் தரும். கடைசியாகச் சொன்னது அரித்துப்போனால் ஸ்டார்ட்டரும் அல்டர்நேட்டரும் பழுதானவை போல நடந்துகொள்ளும். தேவையில்லாமல் அவற்றை மாற்றிய பிறகும் கோளாறு தொடரும்.

காகித வேலைகளில் பெரும்பாலோர் வருமான அனுமதிப்பத்திரத்தையும் புகைப் பரிசோதனையையும் தவறவிடுவதில்லை, ஏனென்றால் வீதியில் அவை கேட்கப்படும். கேட்கப்படாதது காப்புறுதியில் எழுதப்பட்ட பாவனை. சொந்தப் பாவனை என்று பதிந்த வானில் பிறர் பொருளை வாடகைக்கு ஏற்றி விபத்துக்குள்ளானால், நட்டஈட்டுக் கோரிக்கை நிராகரிக்கப்பட இடமுண்டு. தவணைப் பணத்தில் மிச்சம்பிடித்த சில ஆயிரங்களைவிட அந்த ஒரு நிராகரிப்பு பெரிது.

வெறுமையாகத் திரும்பும் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல் கூலி பேசுவதும் பரவலான தவறு. கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர் என்று பேசிக் கூலி வாங்குபவர், வரும்போது ஏற்ற எதுவும் இல்லையென்றால் 520 கிலோமீற்றரின் தேய்மானத்தை அந்தக் கூலியிலிருந்தே கொடுக்கிறார். போகும்போது மீனும் வரும்போது தம்புள்ளை மரக்கறியுமாக இரு வழியும் ஏற்றுவோர் இதனால்தான் குறைந்த கூலிக்கும் தாக்குப்பிடிக்கிறார்கள். இரண்டுக்கும் இடையில் வானைக் கழுவாதவருக்கு மரக்கறி வியாபாரி மறுமுறை தொலைபேசி எடுப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வானை வைத்திருப்பதா விற்பதா என்ற முடிவை, பெரிய பழுது வந்து வான் கராஜில் கிடக்கும் வாரத்தில் எடுக்கக் கூடாது. அந்த வாரத்தில் விற்பவருக்கு மிகக் குறைந்த விலையே கிடைக்கும். செலவழித்துத் திருத்தியவரோ, இவ்வளவு போட்டுவிட்டோமே என்ற எண்ணத்தில் அடுத்த பழுதுக்கும் பணம் போடுவார். ஏற்கனவே செலவானதை மறந்து, வருகின்ற ஆண்டுக்கு எதிர்பார்க்கும் திருத்தச் செலவையும் வான் ஓடாத நாட்களின் வருமான இழப்பையும் கூட்டி, மாற்று வான் ஒன்றுக்கு அதே ஆண்டில் கட்டவேண்டிய லீசிங் தவணையோடு ஒப்பிட வேண்டும். தற்போதைய விலைகளில் எஞ்சின் பழுது மட்டும் என்றால் திருத்துவதே பெரும்பாலும் இலாபம். சட்டம் துருப்பிடித்து, ஜாக் வைக்கும் இடமே அமுங்கத் தொடங்கிவிட்டால், எஞ்சின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும் அந்த உடலில் மேலும் பணம் போடுவது வீண். எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நல்ல விலை கிடைக்கும்போதே பாகங்களாகக் கொடுத்துவிடலாம்.