தலையணை லாவாவை அடையாளம் காண, வெல்லப்பாகில் தொடங்குங்கள்

காட்பாடியில் 28 வருஷம் புவியியல் பாடம் எடுத்தேன். மலையடிவாரத்தில் உருண்டைப் பாறையைப் பார்த்த பிள்ளைகள் ஓடிவந்து கேட்பார்கள்: "டீச்சர், இது கடலுக்கடியில எரிமலை வெடிச்சு வந்த கல்லா?" இல்லை கண்ணு. ஆனால் ஏன் இல்லை என்று தெரிந்துகொண்டால், உண்மையான தலையணை லாவாவை, அதாவது தண்ணீருக்கடியில் பிதுங்கிய எரிமலைக் குழம்பு தலையணை வடிவில் உறைந்த பாறையை, எங்கே பார்த்தாலும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

முதலில் அடுப்படி. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது ஒரு கரண்டி எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டுப் பதம் பார்ப்போமே, அதைக் கவனியுங்கள். பாகு கரையாமல் திரண்டு நிற்கும். தொட்டால் மேலே இறுகியிருக்கும், உள்ளே இளகியிருக்கும். கடலடியில் நடப்பதும் இதுதான். ஏறக்குறைய 1,100 டிகிரி செல்சியஸ் சூட்டில் பிதுங்கும் லாவா, குளிர்ந்த நீர் பட்ட நொடியில் மேலே கண்ணாடித் தோல் கட்டிக்கொள்ளும். உள்ளே குழம்பு தள்ளிக்கொண்டே இருப்பதால் தோல் ஓரிடத்தில் கிழியும், அங்கே அடுத்த உருண்டை பிதுங்கும். ஹவாய் தீவில் முக்குளிப்பவர்கள் இதை நேரிலேயே படம் பிடித்திருக்கிறார்கள்.

அடுத்து, நம் ஊர்ப் பாறையை விலக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வேலூர்க் கோட்டைச் சுவரின் கிரானைட் கல்லை (நாம் கருங்கல் என்பதை) நெருங்கிப் பாருங்கள். வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மணி மணியாகக் கண்ணுக்கே தெரியும். பூமிக்குள் ஆழத்தில் மெதுவாக ஆறியதால்தான் மணிகள் அவ்வளவு பெரிதாக வளர்ந்தன. மலையில் அது உருண்டையானது வெயிலாலும் மழையாலும். விரிசல் ஓரங்கள் முதலில் உளுத்து, வெங்காயத் தோல்போல உரிந்து, நடுக்கல் மிஞ்சுகிறது. தலையணை லாவா பசால்ட் வகை, அதாவது எரிமலைக் குழம்பு வெளியே வந்து சீக்கிரம் ஆறிய கறுத்த கல், அதனால் மணிகள் மிகப் பொடி.

சரி, நிஜமானதைப் பார்க்க எங்கே போவது? கர்நாடகத்தில் சித்திரதுர்கா மாவட்டத்து மரடிஹள்ளிக்கு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்த இடம். பாறையின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். அங்கே அன்று கடல் இருந்தது என்பதற்குப் பாறையே சாட்சி. வேலூரிலிருந்து பெங்களூரு வழியாக ஒரு நாள் பயணம். வயதானவர்களும் வந்தால் இரவு தங்குங்கள்.

அங்கே போனதும் ஓரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு தலையணையையும் சுற்றி நிறம் மாறிய விளிம்பு இருக்கும். முதலில் உறைந்த தோல் அதுதான். குறுக்கே வெட்டுப்பட்ட முகம் கிடைத்தால், நடுவிலிருந்து சக்கர ஆரங்கள்போல விரிசல்கள் ஓடும். விளிம்பை ஒட்டி, வாயு சிக்கிய சின்னக் குழிகள் தென்படலாம். தலையணைகள் ஒன்றோடொன்று நெருங்கிப் பொருந்தியிருக்கும். நம் மலை உருண்டைகள் அப்படிப் பொருந்தாது.

எனக்கு மிகப் பிடித்தது மேல், கீழ் கண்டுபிடிப்பது. மண்டியில் நெல் மூட்டை அடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். மேல் மூட்டையின் அடிப்பக்கம், கீழே உள்ள இரண்டு மூட்டைகளின் இடுக்கில் தொய்ந்து இறங்கும். இளகிய லாவாவும் அப்படியே. வளைந்து உப்பிய பக்கம் மேல், வால்போல் இடுக்கில் இறங்கிய பக்கம் கீழ். அடுக்கு முழுக்க வால்கள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பாறைத் தொகுதியே பின்னாளில் சாய்ந்திருக்கிறது. வானத்தைப் பார்த்து நின்றால் தலைகீழாகப் புரண்டிருக்கிறது. ஒரே ஒரு தலையணையை வைத்து முடிவு கட்டாதீர்கள், பத்தையாவது பாருங்கள். பழைய பாறைகள் நசுங்கி நீண்டும் இருக்கும், அங்கே இந்தக் கணக்கு ஏமாற்றும்.

காலையிலோ மாலையிலோ போங்கள், சாய்வெயிலில் விளிம்புகள் எடுப்பாகத் தெரியும். கையில் பத்து மடங்கு லென்ஸும் தண்ணீர் பாட்டிலும் போதும். பாறையை நனைத்தால் தோல் பளிச்சென்று தெரியும். சுத்தியல் வேண்டாம். ஒரு சில்லுகூட எடுத்து வராதீர்கள், பிள்ளைகளிடமும் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.