பழைய லேத் வாங்கப் போகிறீர்களா? பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், பெட்டைத் தடவுங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பித்தளைப் பூட்டைக் கையில் எடுத்தால், எவ்வளவு பழசோ அவ்வளவு விலை சொல்வார்கள். லேத்துக்கு, அதாவது இரும்பைச் சுழற்றிக் கடையும் கடைசல் மிஷினுக்கு, அந்தக் கணக்கு செல்லாது. பழைய இரும்புக் கடையில் எடைக்கு என்ன தருவார்களோ அதுதான் அதன் அடிவிலை. அதற்கு மேல் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும், அந்த மிஷினில் மிச்சமிருக்கும் துல்லியத்துக்கு.

என் பிழைப்பு பழைய வீட்டுச் சாமான்: ஊஞ்சல் கொக்கி, கதவுக் குமிழ், பூட்டுக்குள் போகும் தண்டு. கடையில் கிடைக்காது, கடைந்துதான் ஆக வேண்டும். இதற்கு நாலரை அடி பெட் (மற்ற பாகங்கள் உட்காரும் நீளமான அடிப்பகுதி) உள்ள, பெல்ட்டில் வேகம் மாற்றும் லேத் தாராளம். எச்.எம்.டி., கிர்லோஸ்கர் கம்பெனிகளின் ஆல் கியர் (பெல்ட்டுக்குப் பதில் கியரில் வேகம் மாற்றும்) மிஷின்கள் அருமையானவைதான். ஆனால் பெரியவை ஒரு டன்னைத் தாண்டும். வீட்டுப் பட்டறைக்கு ஏன் அந்தப் பாரம்? தேடுவதற்கு நமக்குப் பக்கம் திருச்சி துவாக்குடி, அதை விட்டால் கோவை.

போனதும் கண்ணில் படுவது பளபளக்கும் புது பச்சை பெயின்ட்டாக இருந்தால் நான் ஓரடி பின்னால் நிற்பேன். வார்ப்பில் விரிசலை மறைக்கவும், பித்தளை வைத்து ஒட்டிய கியர் பல்லை மறைக்கவும் அதைவிடச் சல்லிசான வழி இல்லை.

பெட்டில் தேய்வது சக்குக்கு (வேலைப்பொருளைத் தாடையில் பிடித்துச் சுழலும் பாகத்துக்கு) முன்னால் உள்ள ஒன்றரை அடிதான். குட்டை வேலைகள்தானே அதிகம் ஓடும்! சேடில் (உளியைச் சுமந்து பெட்டின் மேல் ஓடும் பாகம்) எட்டாத இடம், அதாவது சக்குக்குக் கீழே, தேயாமல் அப்படியே இருக்கும். துணியால் எண்ணெயைத் துடைத்துவிட்டு, அங்கிருந்து வெளிப்பக்கமாக நகத்தை இழுத்து வாருங்கள். படி போல ஒன்று நகத்தில் தட்டினால் மிஷின் நிறைய உழைத்திருக்கிறது. அடுத்து, சக்கு ஓரத்தில் வைத்து சேடிலின் அடிப்பட்டையை ஆட்டமில்லாமல் முறுக்கி, டெயில்ஸ்டாக் (எதிர் முனையில் வேலையைத் தாங்கும் பாகம்) பக்கம் ஓட்டுங்கள். தேயாத இடம் வரும்போது லேசாக இறுகினால் பேரம் பேசலாம். நடுவழியில் கவ்வி நின்றுவிட்டால் வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பெட்டைக் கிரைண்டிங் போடும் செலவில் வேறு லேத்தே வாங்கிவிடலாம்.

ஸ்பிண்டிலை (சக்கைச் சுழற்றும் தண்டை) சோதிக்க டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் கருவி) கையோடு கொண்டுபோங்கள். காந்த அடியைப் பெட்டில் வைத்து, முள்ளை ஸ்பிண்டில் மூக்கில் தொடவிடுங்கள். சக்கின் மேல் வைத்தால் சக்கின் கோணலைத்தான் காட்டும். சக்கில் ஒரு கட்டையைப் பிடித்து மேலே நெம்பினால் முள் 0.02 மி.மீ. அசைவது பரவாயில்லை, 0.05 தாண்டினால் பேரிங் முறுக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும்.

"அண்ணே, ஓடுற மிஷின்ணே, கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்பார்கள். ஓடட்டும், வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒன்றரை அங்குலக் கம்பி ஒன்றை, டெயில்ஸ்டாக் தாங்கல் இல்லாமல் சக்கிலிருந்து நான்கு அங்குலம் நீட்டி, இரண்டு முனையிலும் உளியின் ஆழத்தை மாற்றாமல் ஒரே வெட்டாக மெல்லிசாகச் சீவி, மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். 0.02 மி.மீ. வித்தியாசத்துக்குள் இருந்தால் சந்தோஷம். கூடுதலாக வந்தாலும் உடனே தள்ளிவிட வேண்டாம்; மட்டமில்லாத தரையில் பெட் முறுக்கிக்கொண்டு நின்றாலும் அப்படித்தான் வரும்.

மற்றதெல்லாம் சில்லறை. கிராஸ் ஸ்லைடு (உளியைக் குறுக்கே நகர்த்தும் பாகம்) கைப்பிடி கால் சுற்று சும்மா சுழன்றால் நட்டு தேய்ந்திருக்கிறது. பெட்டும் ஸ்பிண்டிலும் நன்றாக இருந்தால் அந்த நட்டை அதே லேத்தில் கடைந்துகொள்ளலாம். லீட் ஸ்க்ரூவின் (மரை வெட்டும்போது சேடிலை ஓட்டும் நீளத் தண்டின்) மரை சக்குப் பக்கம் கத்தி மாதிரி கூர்ந்திருந்தால் விலையில் குறையுங்கள். வெட்டும் மரையின் அளவை மாற்றும் கியர் செட்டை மட்டும் எண்ணி வாங்குங்கள். பழைய லேத்துகளில் லீட் ஸ்க்ரூ பெரும்பாலும் அங்குலக் கணக்கு. மில்லிமீட்டர் மரை சரியாக வெட்ட 127 பல் கியர் வேண்டும். அது ஐந்து அங்குலத்தின் மில்லிமீட்டர் கணக்கு. நாலு தாடை சக்கு, ஃபேஸ் பிளேட் (கோணல் வேலையைப் பூட்டும் தட்டு), ஸ்டெடி (நீளக் கம்பியைத் தாங்கும் சட்டம்) எல்லாம் அந்த விலைக்குள்ளேயே வரட்டும். தனியாக வாங்கப் போனால் கை கடிக்கும்.

மோட்டார் த்ரீ ஃபேஸாக இருந்தால் பயப்பட வேண்டாம். காயில் முனைகளை இணைக்க ஸ்டார், டெல்டா என இரண்டு முறை உண்டு; 3 எச்.பி. வரை பெரும்பாலும் ஸ்டாரில் கட்டியிருப்பார்கள். ஆறு முனையும் டெர்மினல் பெட்டிக்கு வந்திருந்தால், டெல்டாவுக்கு மாற்றி, வீட்டு 230 வோல்ட்டில் ஓடும் வி.எஃப்.டி. (சிங்கிள் ஃபேஸை த்ரீ ஃபேஸாக மாற்றித் தரும் பெட்டி) போட்டு ஓட்டலாம்.

நாலரை அடி லேத் குட்டி யானையில் வந்துவிடும். தூக்கும்போது சேடிலையும் டெயில்ஸ்டாக்கையும் கடைசிக்குத் தள்ளினால்தான் ஹெட்ஸ்டாக் (சக்கும் ஸ்பிண்டிலும் இருக்கும் தலைப்பகுதி) கனத்துக்கு ஈடு கொடுக்கும். தூக்கும் பெல்ட்டை பெட்டில் மட்டும் சுற்றுங்கள். லீட் ஸ்க்ரூவில் பட்டால் வளைந்துவிடும். நம் ஊர்ப் பெரிய வீடுகளில் முகப்புப் படியேற்றிக் கொண்டுபோக நினைக்காதீர்கள். பின்கட்டு அடுத்த தெருவில் திறக்கும், அந்த வழியாக இறக்குங்கள். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் வைத்தால் கல் வெடிக்கும், வீட்டுக்கார ஆச்சியும் வெடிப்பார்கள். முற்றத்துத் தாழ்வாரமும் வேண்டாம், மழைச் சாரலில் பெட் ஒரே ராத்திரியில் துருவேறும். பின்னால் கொட்டகையில் கான்கிரீட் போட்டு, காலுக்குக் கீழே தகடு கொடுத்து, பெட்டின் இரு முனையிலும் குறுக்கே மட்டம் வைத்து ஒரே அளவு காட்டும் வரை சரிசெய்யுங்கள். கொத்தனார் ரசமட்டம் இதற்குப் போதாது. மிஷின் மட்டம் இரவல் வாங்குங்கள். ஒரு மாதம் ஓடி, தரை அமுங்கிய பிறகு மறுபடி பாருங்கள்.

சக்கு ஸ்பிண்டில் மரையில் திருகி ஏறும் வகை என்றால், ரிவர்ஸில் வேகமாக ஓட்டவே கூடாது. சக்கு கழன்று நம் மேலேயே வரும்.