அலமோவோடு திரும்பிவிடாதீர்கள்

டெக்சாஸின் சான் அன்டோனியோவுக்குப் போகிற பலர், நகர நடுவில் இருக்கும் அலமோவைப் பார்த்ததும் "மிஷன் பார்த்தாச்சு" என்று கிளம்பிவிடுகிறார்கள். மிஷன் என்றால், கத்தோலிக்கத் துறவிகள் பழங்குடியினரைக் கிறித்தவர்களாக்க அமைத்த குடியிருப்பு. ஸ்பானியர் காலத்து மிஷன்கள் அலமோவையும் சேர்த்து அங்கே ஐந்து. 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியதும் ஐந்தும் சேர்ந்துதான். அலமோவுக்குத் தனி நிர்வாகம். கன்செப்சியோன், சான் ஹோசே, சான் ஹுவான், எஸ்படா ஆகிய நான்கும் ஆற்றை ஒட்டித் தெற்கே அமைந்த தேசிய வரலாற்றுப் பூங்கா. கட்டணம் கிடையாது. அரை நாளாவது ஒதுக்குங்கள், கோடையில் என்றால் காலையிலேயே.

தேவாலயத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதுதான் பெரிய தவறு. மிஷன் என்பது ஒரு முழு ஊர். சான் ஹோசேயில் எல்லாரும் ரோஜா ஜன்னலின் கல் செதுக்கு வேலை முன்னால் கூடுவார்கள். சரி, அது அழகுதான். அப்புறம் மதில் ஓரமாக நடந்து, மதிலோடு ஒட்டிய சிறிய அறைகளுக்குள் தலையை நீட்டிப் பாருங்கள். கோவாவில்டெக்கன் பழங்குடிக் குடும்பங்கள் வாழ்ந்த இடம் அது. அப்பாச்சி தாக்குதலும், ஐரோப்பியரோடு வந்த நோய்களும் துரத்த, இங்கே அடைக்கலம் தேடியவர்கள். கல் சுமந்ததும் வாய்க்கால் வெட்டியதும் அவர்கள்தான். 1739-ல் பெரியம்மையும் தட்டம்மையும் இங்கேயும் அவர்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றன. இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த மதிலைப் பார்த்தால் பாதிதான் பார்த்ததாக அர்த்தம்.

கன்செப்சியோனின் வெறும் கல் சுவரைப் பார்த்து, ஆதியிலிருந்தே இப்படித்தான் என்று எண்ணிவிடாதீர்கள். வெளிச்சுவர் முழுக்க ஒருகாலத்தில் வண்ணக் கோலம். உள்ளே ஓர் அறையில் அண்ணாந்து பார்த்தால், மீசை வைத்த மனித முகத்தோடு ஒரு சூரியன் இன்னும் இருக்கிறது. பழைய சுண்ணாம்புப் பூச்சைத் தயவுசெய்து தொடாதீர்கள்.

நான்கு தேவாலயங்களிலும் இன்றும் வழிபாடு நடக்கிறது. பூசையோ திருமணமோ நடக்கும்போது கேமராவோடு நுழையாமல் வெளியே காத்திருங்கள்.

எஸ்படா வரை போயும் நீர்ப்பாலத்தைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. அது தேவாலய வளாகத்துக்குள் இல்லை, சற்றுத் தள்ளி இருக்கிறது. ஆற்றில் அணை கட்டித் திருப்பிய தண்ணீரை, ஓடைக்கு மேலே கல் வளைவுகளில் ஏற்றி வயலுக்குக் கொண்டுபோனார்கள். 1740-களில் கட்டியது. பம்ப் எதுவும் இல்லாமல், சரிவை மட்டும் நம்பி, தண்ணீர் இன்றும் அதன்மேல் ஓடிக்கொண்டிருக்கிறது.